நாலாய் மடித்த கயிறு

மே 5, திங்கள்

வண்ணார்பேட்டைக்குப் போய் வந்தேன். வேலை ஒன்றும் இல்லை. வாசிப்பதற்காகவே போனேன்.

பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஒரு பலகை விடாமல் வாசித்தேன். எழுபது வயது வரை இந்தப் பலகைகளைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். இவ்வளவு பெரிய எழுத்தில், இவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்களே, ஏதோ பெரிய விஷயம் இருக்கும், நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்திருக்கிறேன். இன்று தெரிந்துவிட்டது. தள்ளுபடி. மாபெரும் தள்ளுபடி. முழங்கால் வலியா? இங்கே குப்பை கொட்டாதீர். அவ்வளவுதான். ஒரு கல்யாண வாழ்த்துப் பலகையில் மாப்பிள்ளை முகத்தைவிட வாழ்த்துகிறவர்களின் முகங்கள் பெரிதாக இருந்தன. இதற்கா இத்தனை காலம் தலை குனிந்து நடந்தேன்?

சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரன், "என்ன பாய், தனியா சிரிக்கீங்க?" என்றான். வாசித்தேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. படித்தவன்போல.

சின்ன வயதில் ஓதுகிற பள்ளியில் அரபு எழுத்தைக் கற்றேன். வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. தமிழில் எல்லாம் தெரியும், வாசிக்கத் தெரியாது. இப்படியே காலம் போய்விட்டது. போன வருடம் எழுத்தறிவு வகுப்பு தொடங்கியபோது என் வீட்டுக்காரி ஆபிதா பீவிதான் கேலி செய்தாள். "இனிமே படிச்சு கலெக்டர் ஆகப் போறீங்களாக்கும்?" இப்போது அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ நல்ல காரியம் எழுதுகிறேன் என்று நினைத்துச் சத்தம் போடாமல் இருக்கிறாள். எழுத்தில் இப்படி ஒரு வசதி இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மே 7, புதன்

ஷஃபீகா வந்திருந்தாள். என் ஒரே மகள். மேலப்பாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். தையல் தொழில். மாப்பிள்ளை ரசீத் வெளிநாட்டில், தம்மாமில் ஏதோ குடோனில் வேலை. பேத்தி தஸ்மியா வருகிற ஜூனில் ஆறாம் வகுப்பு.

முன்பு எங்களோடுதான் இருந்தார்கள். எங்கள் வீடு ஆற்றுக்கும் பாளையங்கால் வாய்க்காலுக்கும் நடுவே பள்ளத்தில் இருக்கிறது. முந்தின வருடம் மார்கழியில் வந்த பெரிய வெள்ளத்தில் ஓட்டு வீட்டுக்குள் என் நெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டு நாசரின் மொட்டை மாடியில்தான் இரண்டு நாள் கிடந்தோம். நாசர் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான். அவன் கட்டிய மாடியைவிட அவன் பேச்சு உயரம். வெள்ளம் வடிந்த வாரமே ஷஃபீகா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. மூன்று முறை வெள்ளையடித்தும் வெளியே வருகிறது.

இப்போது பின்பக்கம் ஆறு தூண் எழுப்பி, தூண் மேல் ஒரு அறை கட்டுவதாக முடிவு. வெள்ளம் வந்தால் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். மண் இறுக்கமில்லாத பொதுமண் என்பதால் ஒவ்வொரு தூணுக்கும் கீழே பத்தடிக்கு உருண்டைக் குழி போட்டுக் கம்பி இறக்கி, காங்கிரீட் நிரப்ப வேண்டும் என்று இன்ஜினியர் படம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஷஃபீகா சொன்னாள்: "ஆறு குழியும் நிறைஞ்சு கம்பி மேல நிக்கட்டும் வாப்பா. மறுநாளே டி.சி. வாங்கிட்டு இங்கன வந்து சேத்துருதேன். பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள."

"நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"ஆத்துத் தண்ணி இங்கன வராதுன்னு நீங்கதான சொன்னீங்க."

நான் மட்டுமா சொன்னேன்? ஊரே சொன்னது.

மே 12, திங்கள்

சாலமோன் வந்துவிட்டான். கட்டட கான்ட்ராக்டர். பாளையங்கோட்டைக்காரன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எதற்கு இரண்டு? ஒன்றில் எழுதவே அவனுக்கு வருவதில்லை, எல்லாம் போனில்தான். கூட்டுவதும் போனில், பெருக்குவதும் போனில், வேலைக்காரப் பெண்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதற்குக்கூடப் போனைத் தடவுகிறான்.

துளை போடும் இயந்திரமும் வந்தது. திருகாணி போல நீளமான இரும்பு. அதைச் சொல்ல வேண்டும், அழகான வேலை. மண்ணுக்குள் இறங்கி, மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்து உதறியது. குழி அச்சு வார்த்தது போல உருண்டையாக வந்தது. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாசர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "கெணறா மாமா?" என்றான். ஒரு மாடி கட்டியவனுக்கு வருகிற அறிவு.

மே 14, புதன்

ஆறு குழியும் ஆயிற்று. ஆறாவது குழி வாய்க்கால் கரைப் பக்கம், மூலையில். அந்த மண் கொஞ்சம் ஈரமாக வந்தது. சாலமோன் விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "பாபநாசம் அணையில தண்ணி திறந்து வாய்க்கால் ஓட ஆரம்பிச்சா இதுல ஊத்து வந்துரும் அண்ணாச்சி. அதுக்கு முன்ன கொட்டிரணும்" என்றான். அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு.

பிறகு போனைத் தடவினான். காங்கிரீட் ஆறு கன மீட்டர் வேண்டுமாம்.

உள்ளே போய்க் கயிறு எடுத்து வந்தேன்.

மே 15, வியாழன்

நேற்று விட்டதை இன்று எழுதுகிறேன். கை வலிக்கிறது. ஆனால் இதை எழுதாமல் விட முடியாது.

வண்ணார்பேட்டை மரக்கடையில் நான் இருந்த காலமெல்லாம் தடி அளந்தது நான்தான். லாரியில் தேக்கு வரும், வேம்பு வரும், பர்மா கோங்கு வரும். உருண்டைத் தடியின் நடுவே கயிற்றைச் சுற்று. சுற்றிய கயிற்றை நாலாய் மடி. மடித்ததை அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தடியின் நீளத்தால் பெருக்கு. கன அடி வந்துவிடும். தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். நான் தடியைச் சுற்றி வரும்போதே தொகை சொல்லிவிடுவேன். மதுரை வியாபாரிகள் என் கணக்கை ஏற்றுக்கொண்டு மறு பேச்சுப் பேசாமல் போனார்கள்.

உருண்டைத் தடி வேறு, உருண்டைக் குழி வேறா? இயந்திரத்தின் முனையைச் சுற்றிக் கயிறு போட்டேன். நாலாய் மடித்தேன். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல். பத்தடி ஆழம், ஆறு குழி. மொத்தம் நூற்றைம்பது கன அடி, அவர்கள் கணக்கில் நாலே கால் கன மீட்டர். சாலமோன் சொல்வது ஆறு.

"ஏலே சாலமோன், மிச்சம் எந்தக் குழிக்கு? உன் வீட்டுக் குழிக்கா?"

"இது இன்ஜினியர் கணக்கு அண்ணாச்சி. சேதாரத்துக்கும் சேத்துத்தான். குழி குடிக்கும்லா."

குழி குடிக்குமாம். குழி என்ன, அவன் மச்சானா? வேலைக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். சாலமோன் காது சிவந்துவிட்டது. போனை எடுத்து மறுபடி என்னிடம் நீட்டினான். அதில் எண்கள் ஓடின. வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. எழுதத் தெரியாத காலத்திலேயே என்னை ஏமாற்ற யாராலும் முடியவில்லை. இப்போதா?

மே 17, சனி

மாப்பிள்ளை ரசீத் குரல் செய்தி அனுப்பியிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். எதிரே ஆள் இல்லாமல் பேசுவதற்கு என்ன தைரியம் வேண்டியிருக்கிறது? "மாமா பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். சாலமோன் அண்ணே, மாமா சொல்லுத அளவே சொல்லிருங்க."

சாலமோன் அதை இரண்டு முறை கேட்டான். பிறகு, "சரி, ஒங்க இஷ்டம். ஆனா நான் சொல்லல்லன்னு பெறகு சொல்லக் கூடாது" என்றான். போனால் போகிறது என்று நாலே காலை நாலரையாக்கினேன். கால் கன மீட்டர் அவன் குழிக்கு என் தர்மம்.

ரசீத் நல்ல பையன்தான். புத்தி குறைவு.

மே 20, செவ்வாய்

வகுப்பில் கூடப் படிக்கிற தளவாய் இன்றும் தன் பெயரையே எழுதினான். பக்கம் முழுக்கத் தளவாய், தளவாய், தளவாய். "வேற எழுதப்பிடாதா வே?" என்றேன். "வேற யாரத் தெரியும் எனக்கு?" என்கிறான். ஜெபகனி டீச்சர் அதற்கும் நன்று என்று போட்டார். இவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் திட்டத் தெரியாது. இவரிடம் படித்த பிள்ளைகள் என்ன ஆனார்களோ.

நான் ஒரு பக்கம் எழுதியதைக் காட்டினேன். சாலமோனைப் பற்றி எழுதியது. டீச்சர் மெதுவாக வாசித்தார். "அழகா எழுதியிருக்கீங்க. ஆனா ஒருத்தரையாவது நல்லதா எழுதலாமே" என்றார். யோசித்துப் பார்த்தேன். துளை போடும் இயந்திரத்தை நல்லதாக எழுதியிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

மே 29, வியாழன்

கம்பிக்கூடுகள் கட்டிக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். சனிக்கிழமை காங்கிரீட் லாரி வருகிறது. பாபநாசத்தில் தண்ணீர் திறக்கப் போவதாகப் பேச்சு. ஷஃபீகா போனில், "டி.சி.க்கு எழுதிக் குடுத்திருக்கேன் வாப்பா. திங்கக்கிழம வாங்கிருவேன்" என்றாள். ஆபிதா பீவி தஸ்மியா படுக்கிற கட்டிலைத் துடைத்துத் துடைத்து மரத்தைத் தேய்த்துவிட்டாள்.

மே 31, சனி

பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்.

லாரி காலையில் வந்தது. தெருவுக்குள் நுழையாது, முக்கில் நின்றது. அங்கிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். முதல் குழி நிறைந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது நிறையும்போது சாலமோன் லாரிப் பக்கம் பார்த்தபடியே நின்றான். ஐந்தாவது குழியில் இன்னும் ஓராள் இறங்கி நிற்கிற அளவுக்குக் காலியிருக்கும்போது லாரி வயிறு சுற்றிச் சுற்றிக் கடைசிக் கட்டியைத் துப்பியது. ஆறாவது குழியில் ஒரு சட்டி விழவில்லை.

டிரைவர் ஞானசம்பந்தன் தண்ணீர் விட்டுக் கழுவத் தொடங்கினான். "அவ்வளவுதான் பாய்."

"மிச்சம் எங்க?"

"மிச்சம்னா? நீங்க சொன்னது நாலரை. சீட்டப் பாருங்க."

பார்த்தேன். வாசிக்கத்தான் தெரியுமே. நாலரை என்று இருந்தது. சீட்டில் இருக்கிறது, குழியில் இல்லை. அப்படியானால் வழியில் எங்கே நின்றது லாரி? யார் வீட்டுத் திண்ணைக்குக் கொட்டினான்? தெருவே கூடிவிட்டது. கேட்டேன். நாசர் மாடியிலிருந்து பார்த்தான். பள்ளியிலிருந்து தொழுதுவிட்டு வந்தவர்களும் நின்றார்கள். எல்லார் முன்னாலும் களவாணிப் பயலே என்றேன். அவன் லாரியின் பின்பக்க ஏணியைக் காட்டி, "ஏறி உள்ள பாரும் பாய், ஒளிச்சு வச்சிருக்கேனான்னு" என்றான். அவன் உதடு நடுங்கியது. திருடனுக்கு நடுங்கத்தான் செய்யும்.

சாலமோன் என் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். "அண்ணாச்சி, அத விடுங்க. இப்பவே சிமெண்டு மூட்டை எடுத்துட்டு வாரேன். ஜல்லியும் மணலும் நாசர் வீட்டுல கெடக்கு, கேட்டு வாங்கிக்கிடலாம். ஆளுகள நிறுத்தி வச்சுக் கையால கலக்கி இருட்டுக்குள்ள கொட்டிருவோம்."

விடமாட்டேன் என்றேன். நாசரிடம் போய்க் கையேந்துவதா? திருடியவன் திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவந்து கொட்டட்டும். அதுவரை அந்தக் குழியில் யாரும் ஒரு சட்டி போடக் கூடாது.

"தண்ணி வந்துரும் அண்ணாச்சி."

"வந்தா வரட்டும்லே."

சாலமோன் ஆறாவது குழியின் வாயைத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றி மணல் மூட்டை அடுக்கிவிட்டுப் போனான்.

ஜூன் 1, ஞாயிறு

பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். பேப்பரில் நானே வாசித்தேன்.

ஜூன் 2, திங்கள்

வாய்க்கால் ஓடுகிறது. காலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தோம். குழி பாதிக்குத் தண்ணீர். வாய்க்கால் பக்கத்து மண் சரிந்து உள்ளே விழுந்திருந்தது. கம்பிக்கூடு நாசர் வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது. சாலமோன் போனில் காங்கிரீட் கம்பெனியைக் கூப்பிட்டான். ஒரு குழிக்கெல்லாம் இப்போது லாரி வராதாம். துளை இயந்திரம் கோவில்பட்டிக்குப் போய்விட்டது. வந்தாலும், வாய்க்கால் ஓடுகிற வரைக்கும் இந்த ஈரமண்ணில் குழி நிற்காது. இன்ஜினியரிடம் பேசினான். ஐந்தை வைத்துக்கொண்டு மேலே கட்டலாமா என்று கேட்டான். ஒரு மூலையைச் சேற்றில் நிறுத்தி அறை கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்.

கார் நெல் அறுவடை முடிந்து வாய்க்கால் அடைக்க வேண்டும். புரட்டாசி ஆகும்.

ஜூன் 3, செவ்வாய்

ஷஃபீகா வந்தாள். நேரே பின்பக்கம் போனாள். ஐந்து கம்பி நிமிர்ந்தும் ஒன்று சாய்ந்தும் நிற்பதைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்து, உம்மா கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தாள்.

"தஸ்மியாவுக்கு அங்கனயே பீஸ் கட்டிட்டேன் வாப்பா."

நான் டிரைவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். லாரி எங்கே நின்றிருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"சரி வாப்பா" என்றாள்.

கோபப்பட்டிருக்கலாம். அவள் கோபத்துக்குப் பதில் வைத்திருந்தேன். சரிக்கு என்ன பதில் சொல்வது? போகும்போது கட்டிலைப் பார்த்தாள். துடைத்து வைத்திருந்ததைக் கண்டு உம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 5, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஆபிதா பீவி வாழைத்தண்டு வாங்கி வைத்திருந்தாள். நான் சும்மா கயிற்றை எடுத்து அதைச் சுற்றினேன். பழக்கம். நாலாய் மடித்தேன். மடித்த அளவு தண்டின் விட்டத்தைவிடக் குறைவாக இருந்தது. குறைவாகத்தானே இருக்கும், எப்போதும் அப்படித்தானே இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, அரிவாள்மனையில் வைத்துத் தண்டின் நாலு பக்கத்தையும் செதுக்கிச் சதுரமாக்கினேன், மில்லில் தடியை வாளில் ஏற்றிச் சதுரிப்பது போல. வெட்டி விழுந்தது ஒரு குவியல்.

"எதுக்கு இப்படிப் பாழாக்குதீங்க?" என்றாள்.

"இதெல்லாம் கணக்குல வராது. சதுரிச்சு வாரதுதான் மரம். இது முதுகுப் பலகை. கழிவு."

அவள் குவியலை அள்ளிச் சுளகில் போட்டாள். "கணக்குல வராததுதான நம்ம அடுப்புல எரிஞ்சுது. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து ஒரு கட்டு வெறகு வெல குடுத்து வாங்குனதில்ல. மொதலாளியும் தூக்கிட்டுப் போன்னுதான சொன்னாரு."

அவள் போய்விட்டாள். நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம். தினமும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவேன். ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் பட்டையோடு வளைந்து இருக்கும். தடியின் முதுகு. விலைக் கணக்கில் சேராத மரம். சேராதபடிதான் கயிற்றை நாலாய் மடிக்கிறோம். வாளில் போகிற கழிவுக்கு வாங்குகிறவன் விலை கொடுக்கக் கூடாது என்று யாரோ எந்தக் காலத்திலோ கண்டுபிடித்த மடிப்பு. மரத்துக்கு அது நியாயம். குழியை யார் சதுரிக்கப் போகிறார்கள்? குழிக்கு முதுகும் சேர்த்துத்தான் நிறைய வேண்டும்.

எங்கள் வீட்டுச் சோற்றையெல்லாம் பொங்கிய விறகு. அது எங்கே போயிற்று என்றுதான் ஞானசம்பந்தனைக் கேட்டேன், தெரு நடுவில்.

ஜூன் 10, செவ்வாய்

பாளையங்கோட்டைக்குப் போய்ச் சாலமோனைப் பார்த்தேன். அவன் வீட்டு வாசலில் பைபிள் வசனம் எழுதிய பலகை. வாசித்துக்கொண்டு நின்றேன், உள்ளே போகப் பிடிக்காமல்.

கயிற்றைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கயிற்றை வாங்கி ஒரு வாளியைச் சுற்றி அவனும் மடித்துப் பார்த்தான். போனையும் தடவிப் பார்த்தான். "நூத்துக்கு எழுவத்தெட்டுதான் வருது. அதான் அஞ்சாவதுல நின்னுருக்கு. இது தெரியாமப் போச்சே அண்ணாச்சி. நீங்க அடிச்சுச் சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்துட்டு, நம்ம கணக்குதான் தப்போன்னு."

"அப்ப நீயும் முட்டாள்தான்லே" என்றேன்.

"ஆமா. ஒங்க வாயிக்குப் பயந்தேன்லா."

ஞானசம்பந்தன் எந்த ஊர் என்று கேட்டேன். முன்னீர்பள்ளம் பக்கமாம். வீட்டுக்குப் போக வேண்டாம் என்றான். "பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்க மாட்டான். நீங்க போய் நின்னா அவளுக்கும் தெரிஞ்சுரும்."

அது சரியென்று பட்டது. இரண்டு பேனாவும் எதற்கு என்று கேட்டுவிட்டேன். ஒன்று ஓடாதாம். தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

ஜூலை 18, வெள்ளி

ஆறாவது குழியில் தவளை. நாசர் அதற்கு என் பேரைச் சேர்த்துக் காஜா தெப்பக்குளம் என்று பெயர் வைத்திருக்கிறான். தெருவில் எல்லாரும் அப்படியே சொல்கிறார்கள். ஜும்ஆ முடிந்து வரும்போது ஒருவன், "மாமா, தெப்பம் எப்ப?" என்றான். இந்த ஊரில் ஒருவனுக்காவது சொந்தமாக ஒரு கேலி வருகிறதா என்று பார்க்கிறேன். எல்லாரும் நாசருடையதையே இரவல் வாங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தஸ்மியாவின் பள்ளிக்கூடத்தில் அவள் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது வந்தாளாம். போனில் சொன்னாள். இங்கிருந்தால் நேரில் பார்த்திருப்பேன். முதலாவது வந்தவளைப் பற்றியும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 11, சனி

வாய்க்கால் அடைத்துப் பத்து நாள் காய்ந்தது. இயந்திரம் மறுபடி வந்து ஆறாவது குழியை எடுத்துக் கொடுத்தது. ஐந்தாவதின் மேல்பக்கத்தைக் கொத்திச் சுத்தமாக்கி வைத்தார்கள்.

சாலமோன் போனைத் தடவிவிட்டு, ஒரு அளவு சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். வேலைக்காரப் பெண்களும் பார்த்தார்கள்.

"கொஞ்சம் சேத்தே சொல்லு. குழி குடிக்கும்லா" என்றேன்.

ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஞானசம்பந்தன்தான் லாரி கொண்டுவந்தான். அவனையே அனுப்பச் சொல்லி நான் கேட்டது அவனுக்குத் தெரியாது. தெரு முக்கில் நின்று என்னைப் பார்த்ததும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அன்று நின்றவர்கள் பாதிப் பேராவது இருக்கட்டும் என்று தொழுகை முடிகிற நேரம் வரை பொறுத்தேன். பிறகு லாரிப் பக்கம் போய், "தம்பி, அன்னைக்கு நீ ஒண்ணும் எடுக்கல. என் கணக்குதான் தப்பு. மரக் கணக்க மண்ணுல போட்டுட்டேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அன்று எவ்வளவு சத்தமோ அவ்வளவு.

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னைக்கு ஏறி உள்ள பாக்கீங்களா பாய்?" என்றான்.

"ஏணியில ஏற முட்டு விடாது."

இறங்கி வந்தான். ஆபிதா பீவி கொடுத்தனுப்பிய தேநீரைக் குடித்தான். அதில் சீனி அதிகம் என்றான். அதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

ஐந்தாவது நிறைந்தது. ஆறாவதும் நிறைந்து, வாயில் வந்து தளும்பி நின்றது. தள்ளுவண்டியில் கொஞ்சம் மிச்சம். எங்கே கொட்ட என்று சாலமோன் கேட்பதற்குள், "தொவைகல்லுக்கு அடியில கொட்டுங்க, ஒரு பக்கமா ஆடுது" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. இதற்காகவே மே மாதத்திலிருந்து காத்திருந்திருக்கிறாள்.

அக்டோபர் 24, வெள்ளி

இதை மேலப்பாளையத்தில் ஷஃபீகா வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாய் விடவில்லை. அறை கட்டுவது தை பிறந்துதான். நேற்று ஷஃபீகா ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றாள். "வாப்பா, மழை விடுத வரைக்கும் அங்கன வந்து இருங்க." ஆறு இங்கே வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சுவரில் அந்தக் கோடு தெரிந்தது. குடையையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஆபிதா பீவியோடு ஏறிவிட்டேன். நாசர் மாடியிலிருந்து, "எங்க மாமா, தெப்பத் திருவிழாவுக்கா?" என்றான். ஊருக்குள் வந்த வெள்ளம் வடியும், அவன் வாய் வெள்ளம் வடியாது.

இந்த வீடு சின்னது. காற்று வராது. பக்கத்து வீட்டில் நாள் முழுக்க டி.வி. ஓடுகிறது. தஸ்மியா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். என் கையெழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி கிண்டுன மாதிரி இருக்கு" என்றாள். அவளுடையதும் ஒன்றும் பெரிதாக இல்லை. இருவரும் ஒரே விளக்கின் கீழ் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சற்று முன்னால் ஷஃபீகா தையலை நிறுத்திவிட்டுச் சாலமோனிடம் போனில் பேசினாள். மேலே கட்டுகிற அறைக்கு ஜன்னல் ஆற்றுப் பக்கம் வேண்டாமாம், வாய்க்கால் பக்கம் வேண்டுமாம். மிஷின் போட வெளிச்சம் வேண்டுமாம். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் வருவாளா என்று நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஜன்னல் நிலைக்கும் கதவுக்கும் தேக்குத் தடி எடுக்கணும் வாப்பா. நீங்கதான் போய் அளந்து வாங்கணும்."

"என் கணக்கையா கேக்க?"

"மரந்தான? மரத்துக்கு அந்தக் கயிறு சரிதான?" என்றாள். மிஷினில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

மரக்கடையில் இப்போது அளக்கிற பயலைப் போன மாதம்தான் பார்த்தேன். கயிற்றை இழுத்துப் பிடிக்கவே அவனுக்குத் தெரியவில்லை. தடியின் நடுவில் சுற்றாமல் தடித்த முனையில் சுற்றுகிறான். கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்கிறான். அவனிடம் விட்டால் ஷஃபீகாவின் ஜன்னல் உருப்படாது. மழை விட்டதும் நானே போக வேண்டும்.